கார்கிவ் நிலவறையில் என் மகளோடு இருந்த அம்மாவுக்கு

உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படிக்கப் போன என் மகள், 2022 பிப்ரவரியில் ரஷ்யா போர் தொடுத்தபோது அங்கே மாட்டிக்கொண்டாள். அவள் வீடு வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னமும் ராத்திரி எழுந்து, அவள் படுத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். அந்தப் பத்து நாள் உங்கள் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தூதரகத்தார், எல்லையில் சூடாக சூப் கொடுத்த முகம் தெரியாதவர்கள், டில்லியிலிருந்து ஊருக்கு அனுப்பிவைத்த தமிழ்நாடு அரசு அலுவலர்கள், சாயங்காலம் தவறாமல் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து என்னைச் சாப்பிட வைத்த கானாடுகாத்தான் ஆச்சிமார், எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் ஒருவருக்காகத்தான். மகள் இருந்த கட்டடத்து நிலவறையில் கூடவே இருந்த ஓர் அம்மா. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் கண்காணிப்புக் குழுவில் மொழிபெயர்ப்பாளர். 2014 மார்ச்சில் தொடங்கிய குழு அது. கையில் ஆயுதம் கிடையாது. வெள்ளை வண்டியில் கிழக்கே போய், எந்தத் திசையில் எத்தனை வெடி என்று எண்ணி அன்றாடம் உலகத்துக்கு எழுதுவார்கள். எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள்.

போகிற குண்டு எது, வருகிற குண்டு எது என்று காதால் பிரிக்க அவர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மேலே அறைக்குப் போனால் உனக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்கட்டும் என்றாராம். "நம்ம இரண்டாங்கட்டு மாதிரிம்மா, அப்படி நினைச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள் மகள். எங்கள் செட்டிநாட்டு வீட்டில் முகப்பும், உள் முற்றமான வளவும் தாண்டி, அவள் அப்பத்தா அரிசி புடைக்கிற இடம். அதைக் கேட்டுத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

கிளம்புகிற அன்று அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, உக்ரேனிய மொழியில் எழுதிக் கொடுத்தாராம்: இவர்கள் மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள், வழி விடுங்கள். மூன்று சோதனைச் சாவடியில் அதைக் காட்டித்தான் ரயிலடி போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நாலாக மடித்த அந்தத் தாள் இப்போது எங்கள் சாமி அறையில் இருக்கிறது. ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 1 அன்று அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், வீட்டுக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில், கார்கிவில் குண்டுவீச்சில் இறந்துபோனார். நம்ம அம்மா இல்லை, வேறொருவர். ஆனால் அவருக்காகவும் ஒரு வீடு காத்திருந்திருக்குமே. அந்த அமைப்பில் இருக்கிற 57 நாடும் ஒப்பினால்தான் குழு தொடருமாம். ஒப்பவில்லை, மார்ச் 31 ஓடு முடிந்துவிட்டது. அப்புறம், அந்த அம்மாவின் போனும் மணி அடிக்கவில்லை.

மீனாட்சிபுரம் மாரியம்மனுக்கு மகளுக்காக இந்த வருஷம் பால்குடம் எடுத்தேன். அடுத்த வருஷம் அவருக்காக எடுப்பதாக வேண்டியிருக்கிறேன். நட்சத்திரம் தெரியாது. பேரை மட்டும் சொல்லிச் செவ்வாய்தோறும் அர்ச்சனை செய்கிறோம்.