ஃபோர்டு போட்ட கையெழுத்து

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். மணியண்ணன் இன்னும் அந்த ஒரே வழக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது சரி, வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிய அமெரிக்க ஜனாதிபதி நிக்சனைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, 'அடுத்து ஜனாதிபதியான ஃபோர்டு நிக்சனை மன்னித்ததால் நாடு நிம்மதியானது' என்று? அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முப்பது வருஷம் கிரிமினல் வக்கீலாக இருந்த நீயா இப்படி எழுதுவது?

அதுவரை எல்லாம் எவ்வளவு ஒழுங்காக நடந்தது, யோசித்துப் பார். 1972 ஜூன் 17 விடியற்காலையில் எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக் காவலாளி ஃபிராங்க் வில்ஸ், கதவுப் பூட்டின் மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துப் போட்டார். திரும்பி வந்தால் மறுபடியும் டேப்! உடனே போலீசுக்குப் போன் செய்தார். அந்த அலுவலகத்துக்குள் புகுந்திருந்த நிக்சன் தரப்பு ஆட்கள் பிடிபட்டார்கள். அந்தப் போனில் தொடங்கியது உச்ச நீதிமன்றம் வரை போனது. நிக்சன் தன் பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1974 ஜூலை 24-ல் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அவர்களில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். உளவு அமைப்பான சிஐஏவைக் கொண்டு, இந்த வழக்கைத் துப்பறிந்த எஃப்பிஐயின் விசாரணையை நிறுத்தச் சொல்லலாம் என்று நிக்சனின் தலைமை உதவியாளர் ஹால்டமன் சொல்ல, நிக்சன் சரி என்பது ஒரு நாடாவில் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 9-ல் ஆள் பதவியில் இல்லை.

ஒரே மாதம். செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். பதவிக் காலத்தில் செய்த குற்றம், செய்திருக்கக்கூடிய குற்றம், எல்லாவற்றுக்கும் மன்னிப்பு. குற்றப்பத்திரிகையே இல்லாத வழக்கில்! நிக்சனின் நெருங்கிய ஆட்களான ஹால்டமன், எர்லிக்மன், மிட்செல் மூவரும் பிறகு ஜெயிலுக்குப் போனார்கள். யாருக்காகச் செய்தார்களோ அவர் கலிபோர்னியாவில் வீட்டில் இருந்தார்.

1976 தேர்தலில் ஃபோர்டு தோற்றாரே, அந்த மன்னிப்புக்காகவே 2001-ல் கென்னடி பெயரிலேயே துணிச்சல் விருது கொடுத்தார்களே என்பாய். அவர் நல்ல மனிதர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னாள் ஜனாதிபதியைக் கூண்டில் ஏற்றலாமா என்ற கேள்விக்கு ஒரு கோர்ட் பதில் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. பதில் வராமலே போய்விட்டது. ஏற்றலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

ஐம்பது வருஷம் கழித்து, 2024 ஜூலை 1-ல், டிரம்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திடமிருந்து பதில் வந்தது. நீதிபதிகள் ஆறுக்கு மூன்று. அரசியல் சாசனம் ஜனாதிபதிக்கே கொடுத்த முக்கிய அதிகாரங்களில் வழக்கே கிடையாது. மற்ற அலுவல் காரியங்களிலும் பாதுகாப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எது அலுவல், எது சொந்தக் காரியம் என்று பிரிக்கும்போது உள்நோக்கத்தைக் கிளறக் கூடாதாம். உள்நோக்கத்தை விட்டுவிட்டு நீ எந்த வழக்கை நடத்தியிருக்கிறாய், சொல். வாதத்தின்போதே நீதிபதி ஜாக்சன் கேட்டார்: அப்படியானால் நிக்சனுக்கு மன்னிப்பு எதற்கு என்று. இன்று அந்த ஹால்டமன் நாடா வந்தால், அதைச் சாட்சியாகக் காட்டலாமா என்பதிலேயே மாதக்கணக்கில் வாதாடுவார்கள். நம் அரசியல் சாசனத்தின் 361-வது பிரிவுகூட, குற்ற வழக்கில் பதவியில் இருக்கும் வரைதான் ஜனாதிபதியைக் காக்கிறது. அங்கே பதவி போன பிறகும் காப்பு நிற்கிறது.

இதுவா நிம்மதி?

தீர்ப்பில் அந்த உள்நோக்கப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு எழுது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, மீதிச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்