சாம்பிராணி

பெஸ்தாரி ஜெயா

சரசு,

முறுக்கு வந்தது. பிள்ளைகள் சுகம். முகவரியில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறாய், பெயர் மாறியது 2007-ல் அடி!

பதில் போடாததற்குக் காரணம் அம்மா. காலில் புண் வந்து ஆறு மாதம், இன்னும் மூடவில்லை. இனிப்பு நீர் நோயில் (நீரிழிவு) பாதம் மரத்துப் போயிருந்திருக்கிறது. செருப்புக்குள் கிடந்த கல் நாள் முழுக்க அறுத்தும் தெரியவில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும்போது முள் குத்தினாலே மேற்பார்க்கும் தண்டலுக்குக் கேட்கும்படி அம்மா கத்துவார்களே, அதே கால். மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2023 சுகாதார ஆய்வு சொல்கிறது. நீயும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறாய். ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வாடையைப் பற்றி. கட்டு மாற்றிய அரை நாளில் வந்துவிடும். நான் காலையும் மாலையும் கூடத்தில் சாம்பிராணி போட்டேன், அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துத்தான். ஒரு நாள் செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தால், அம்மாவின் பாயும் தலையணையும் அடுப்படியில் கிடந்தன. 'இங்கதான் காத்து வருது' என்றார்கள். வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. முனியம்மா பாட்டி வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த நர்ஸ் மிஸ்ஸி, ஒட்டிய துணியை உப்பு நீரில் நனைத்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே, 'ராத்திரி தூக்கம் வருதாம்மா? யாருகூட பேசுறீங்க?' என்று கேட்டார். ஆறு மாதத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, நான் உட்பட. அம்மா அழுதுவிட்டார்கள். 'என் வீட்டிலேயே எனக்குப் புகை போடுறாங்க.' பக்கத்தில் நான் நிற்கிறேன், சரசு.

சுத்தக் குறைவால் வரும் வாடை இல்லையாம் அது, செத்த சதையில் கிருமி வளர்வதால் வருவது. டாக்டர் அந்தச் சதையை எடுத்துவிட்டு மெட்ரோனிடசோல் ஜெல் தடவச் சொன்னார். மேலே கரி சேர்த்த கட்டு. ஒரு வாரத்தில் நன்றாகவே அடங்கியது. புண்ணில் பாரம் விழாத செருப்பும் போட்டிருக்கிறார்கள்.

பாய் மட்டும் இன்னும் அடுப்படியில்தான். கூப்பிட்டால் 'இருக்கட்டும்' என்கிறார்கள். நானும் அங்கேயே பாயைப் போட்டுப் படுக்கிறேன். நேற்று உன் அம்மாவும் இவர்களும் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தபோது ஒரே பட்டுச் சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக் கல்யாணங்களுக்குப் போன கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

லீவுக்கு வந்தால் நேராக அடுப்படிக்கு வா. பக்கத்தில் ஒட்டி உட்கார். காலைப் பற்றிக் கேட்காதே, சேலையைப் பற்றிக் கேள்.

உன்
கமலா