ஸ்டாரை எப்போது இறக்கலாம்?

ஸ்தோத்திரம். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் கோபுரத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிறோம். பெரிய ஏணி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். வீட்டு ஸ்டாரை ஹாலுக்குள் மாட்டாமல் தெருவைப் பார்த்துக் கட்டுங்கள். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கிளம்பியவர்கள் கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகள், அதாவது வெளியாட்கள். வேதம் படித்த எருசலேம்காரர்கள் கிறிஸ்து பிறக்கும் ஊரின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சாஸ்திரிகளோடு போனதாக வசனம் இல்லை. பெத்லகேம் என்ன தூரமா? சுமார் 9 கிலோமீட்டர். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்!

போன வருஷம் 26-ஆம் தேதியே பல வீடுகளில் ஸ்டார் பரணுக்குப் போய்விட்டது (எங்கள் வீட்டிலும்தான்). சாஸ்திரிகளை நினைக்கும் பிரசன்னத் திருநாள் ஜனவரி 6. அதுவரை எரியட்டும். மழை வந்தால் காகித ஸ்டாருக்குப் பாலிதீன் கவர் போடுங்கள்.