களை மருந்து குடுக்கும்போது அடுத்த வெள்ளாமை என்னன்னும் கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கொடைக்கானல் மேல்மலைல களை வெட்ட ஆள் கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு, அதனால உருளை, பூண்டு போடுற நெறைய பேரு நட்டதுமே மண்ணுல அடிக்கிற களைக்கொல்லிக்கு மாறிட்டாங்க. அத நான் தப்பு சொல்லல, கூலி குடுத்து கட்டுப்படியாகாதவன் வேற என்ன செய்வான். ஆனா மருந்துக்கடைல ஏக்கருக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லி அனுப்புறாங்களே, அதுதான் வயித்தெரிச்சல்.

எங்க மண்ணு கருப்பா, மக்குச் சத்து நெறஞ்ச மண்ணு. பெண்டிமெத்தலின் மாதிரி மருந்த அது அப்படியே புடிச்சு வச்சுக்கும், களை மேல வேலை செய்யுறது கொறஞ்சு போகும். போதாக்குறைக்கு கிக்கியூ புல்லும் புளியாரையும் தண்டு, கெழங்குல இருந்து வர்றது, வெதைல முளைக்கிற களைய அடக்குற மருந்துக்கு அதுங்க எப்படி கட்டுப்படும்? இது தெரியாம மருந்து பத்தலன்னு டோஸ ஏத்திடறாங்க. இங்க குளிருக்கு மருந்து மண்ணுல செதைஞ்சு தீரவும் நாளாகும்.

பூம்பாறை பக்கம் தெரிஞ்சவரு ஒருத்தரு உருளைக்கு மெட்ரிபூசின்ங்கற களைக்கொல்லி அடிச்சுட்டு, கெழங்கு தோண்டின கையோட அதே பட்டில (சரிவுல படி மாதிரி வெட்டின வயல்ல) பீன்ஸ் ஊனினாரு. முளைப்பு நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் பாத்தா அடி இலை ஓரமெல்லாம் மஞ்சளாகி காகிதமா காஞ்சுக்கிட்டே மேல ஏறுது, கொழுந்து மட்டும் பச்சையா நிக்குது. கடைக்காரர் நோய்னு சொல்லி இன்னொரு மருந்த வித்துட்டாரு. மெட்ரிபூசின் மண்ணுல மிஞ்சியிருந்தா பீன்ஸ், முட்டைக்கோசு, பீட்ரூட், வெங்காயம் எதுவும் தாங்காது, இத ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா வெதைக்காசாவது மிஞ்சியிருக்கும்.

சந்தேகமா இருந்தா மருந்து அடிச்ச எடத்து மண்ணு ஒரு தொட்டி, அடிக்காத வரப்போரத்து மண்ணு ஒரு தொட்டி எடுத்து ரெண்டுலயும் நாலு பீன்ஸ் வெதைய ஊனி மூணு வாரம் பாருங்க, வித்தியாசம் தெரிஞ்சா அந்த போகத்துல அங்க பீன்ஸ் வேணாம். அடிச்சதும் பெருமழை வர்ற மாதிரி இருந்தா தள்ளிப் போடுங்க, சரிவுல மண்ணோட மருந்தும் சேர்ந்து கீழ்ப்பட்டிக்கும் ஓடைக்கும் போயிடும், கீழ இருக்குறவங்க அந்தத் தண்ணியத்தான் பொழங்குறாங்க.

தோட்டக்கலைத் துறை அதிகாரிங்க மலைப்பயிருக்குன்னு தனியா ஒரு தமிழ் நோட்டீஸ் போடணும், எந்த மருந்துக்கு அப்புறம் எந்தப் பயிர், எத்தன மாசம் கழிச்சுன்னு பெரிய எழுத்துல. அத ஒவ்வொரு மருந்துக்கடை வாசல்லயும் ஒட்டணும். அடுத்த உருளை நடவுக்கு முன்னாடியே செஞ்சா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயி ஒருவர், கொடைக்கானல்