மின்தூண்டியையும் பேசுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மின்வாகன வேக சார்ஜர்கள், சூரிய மின்சார இன்வெர்ட்டர்கள் பற்றிய செய்திகளில் மின்னோட்டத்தை அதிவேகமாக இயக்கி நிறுத்தும் சிலிக்கான் கார்பைடு டிரான்சிஸ்டர்கள் புகழப்படும் அளவுக்கு, அவற்றின் அருகிலேயே மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கி நிற்கும் மின்தூண்டி (காந்த உள்ளகத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றிய இன்டக்டர்) பேசப்படுவதில்லை. எடையிலும் இடத்திலும் கணிசமான பங்கு அதற்கே உரியது என்பதால் இக்குறை வருத்தமளிக்கிறது.

மின்னோட்டம் வடிவமைத்த எல்லையைத் தாண்டினால் ஃபெர்ரைட் என்னும் பீங்கான் போன்ற காந்தப்பொருளாலான உள்ளகம் காந்தத் தெவிட்டலை, அதாவது அதற்குமேல் காந்தமாக இயலாத நிலையை, அடைகிறது. சூடேறிய நிலையில் உள்ளகம் தாங்கும் காந்தப்பாய அடர்த்தியின் எல்லை ஏறத்தாழ 0.35 முதல் 0.4 டெஸ்லா மட்டுமே. தெவிட்டியதும் தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் திறன்) சரிந்து, மின்னோட்டம் மைக்ரோ நொடிகளில் எகிறி, விலையுயர்ந்த டிரான்சிஸ்டரையே பொசுக்கிவிடக்கூடும். உள்ளகத்தில் விடப்படும் காற்றிடைவெளி இதைத் தவிர்க்க உதவுகிறது. ஆற்றலின் பெரும்பகுதி உண்மையில் அந்தச் சிறு இடைவெளியில்தான் சேமிக்கப்படுகிறது. ஆனால் அதன் ஓரங்களில் புடைத்து வெளிவரும் காந்தப்புலம் அருகிலுள்ள செம்பைச் சூடாக்குவதால், ஒரு பெரிய இடைவெளியைப் பல சிறு இடைவெளிகளாகப் பிரிப்பதும், கம்பிச் சுற்றுகளை அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி அமைப்பதும் நல்லது. 100 கிலோஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்கே பரவுகிறது. ஆகவே காப்பிட்ட மெல்லிய இழைகளை முறுக்கிய லிட்ஸ் கம்பி தேவைப்படுகிறது.

பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் கடையில் வாங்கிய தூண்டியைப் பொருத்துவதோடு நிற்காமல், தாங்களே சுற்றிப் பார்த்து, அலைக்காட்டியில் நேராக ஏறும் மின்னோட்டக் கோடு தெவிட்டலில் சட்டென மேலே வளைவதைக் கண்ணால் காண வேண்டும். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்திலும் இதற்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.