வந்தவர்கள் ஏன் திரும்ப வரவில்லை: புராடக்ட் மேனேஜர்கள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தயாரிப்பில் எதை, எந்த வரிசையில் உருவாக்குவது என்று முடிவெடுக்கும் புராடக்ட் மேனேஜர்களான நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டம் ஒன்றுகூட விடுபடவில்லை. செயற்குழுவும் தவறாமல் கூடியது. ஆனால் ஆண்டின் முதல் பாதிக் கூட்டங்களையும் இரண்டாம் பாதிக் கூட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே சங்கம் நடத்தியவை என்று நம்புவது கடினம். அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த அறிக்கையில் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆறு மாதம் பழைய முறைப்படியே போனது. ஒரு மேடை, ஒரு பேச்சாளர், ஸ்லைடுகள், கடைசியில் கேள்வி நேரம். பேச வந்தவர்கள் எல்லோரும் அனுபவசாலிகள். தங்கள் நேரத்தை நமக்காக ஒதுக்கியவர்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அரங்கமும் ஒவ்வொரு முறையும் நிறைந்தது. பிறகு ஒரு நாள் வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது: நிறைந்திருந்த அரங்கில் பாதிக்கு மேல் புது முகங்கள். போன மாதம் வந்தவர்கள் இந்த மாதம் இல்லை. ஒரு ஆப்பை எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்று யாராவது நம்மிடம் சொன்னால், அடுத்த மாதம் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்றுதான் முதலில் கேட்போம். நம் சொந்தச் சங்கத்தில் அதைக் கேட்க ஆறு மாதம் ஆகிவிட்டது. செயலாளர் என்ற முறையில் அந்தத் தவறுக்கு நான் பொறுப்பு.

ஒரே ஒரு முறை வந்து நின்றுபோனவர்களின் பட்டியலை நானும் துணைச் செயலாளரும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தோம். ஏன் வரவில்லை என்று நேராகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் வேலை அதிகம் என்ற மரியாதையான பதில்தான் கிடைக்கும். அன்றைக்கு எதை எதிர்பார்த்து வந்தீர்கள், உள்ளே நுழைந்ததும் யாரிடம் பேசினீர்கள், கிளம்பும்போது மனதில் என்ன ஓடியது என்று நடந்ததை நடந்தபடி கேட்டோம். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

ஒருவர் அன்று யாரிடமும் பேசவே இல்லை. பழைய உறுப்பினர்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும், தனக்கு அவர்களுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது என்றும் சொன்னார். அந்த வட்டத்தில் நானும் நின்றிருந்தேன். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு சகோதரி, மாலைக் கூட்டம் என்றாலே தனக்குக் கதவு அடைத்த மாதிரிதான் என்றார். வேறு இருவர், கூட்டத்துக்கு மறுநாளே மென்பொருள் விற்பவர்களிடமிருந்து அழைப்பு வந்ததாகச் சொன்னார்கள். கூட்டச் செலவுக்குப் பணம் தரும் ஆதரவாளர்களுக்கு வருகைப் பட்டியலைக் கொடுத்தது நாம்தான். எல்லாவற்றையும்விட என்னைத் தைத்தது ஒரு இளைஞர் சொன்னது. அவருடைய நிறுவனத்தில் அவர் ஒருவர்தான் புராடக்ட் மேனேஜர். விற்பனைத் தலைவர் ஒரு பக்கம் இழுக்க, பொறியியல் தலைவர் மறுபக்கம் இழுக்க, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நம்மிடம் வந்திருக்கிறார். தன் நிறுவனத்தைப்போலப் பல மடங்கு பெரிய ஒரு நிறுவனம் எதை எப்போது செய்வது என்ற ரோட்மேப்பை எப்படிப் போடுகிறது என்று ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, கொண்டு வந்த கேள்வியோடே திரும்பிப் போயிருக்கிறார்.

அந்த இளைஞரின் நிலை நம் தொழிலோடு பிறந்தது. 1931இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பு பெரிய பெயர். அதன் நிழலில் கேமே வளர முடியவில்லை. ஒவ்வொரு பிராண்டுக்கும் அதன் ஏற்ற இறக்கம் முழுவதையும் தன் தலையில் சுமக்கும் ஆட்கள் வேண்டும் என்று அவர் கேட்டார். நம் வேலையின் வேர்களில் ஒன்றாக அந்தக் குறிப்பைச் சொல்வார்கள். பொறுப்பு முழுவதும் ஒருவருக்கு. ஆனால் டெவலப்பரோ, டிசைனரோ, விற்பனையாளரோ யாரும் அவருக்குக் கீழ் இல்லை. இன்றும் நம்மில் பலருக்கு இதுதான் நிலைமை. ஒரு டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் இன்னொரு டெவலப்பர் இருப்பார். சின்ன நிறுவனத்துப் புராடக்ட் மேனேஜருக்கு அந்தப் பக்கத்து நாற்காலி கிடையாது. அதைக் கொடுப்பதற்காகத்தான் இந்தச் சங்கம் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே இரண்டாம் பாதியில் மேடையை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டோம். சிக்கல் வட்டம் என்று பெயர் வைத்தோம். மேசைக்கு ஆறு பேர். ஒருவர் தன் வேலையில் இப்போது நிற்கும் ஒரு சிக்கலைப் பத்து நிமிடத்தில் சொல்வார். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்கள் விளக்கம் மட்டுமே கேட்கலாம், அறிவுரை கூடாது. அதன்பின் சிக்கலைச் சொன்னவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவர் அங்கே இல்லாததுபோல மற்ற ஐவரும் தங்களுக்குள் பேசுவார்கள். கடைசியில் அவர் திரும்பி, எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்வார். நாற்காலியைத் திருப்புவது முதலில் சிலருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் முகம் பார்த்துப் பேசும்போது தன் முடிவுக்கு வக்காலத்து வாங்கத் தோன்றும். முதுகு காட்டி உட்கார்ந்தால் கேட்கத்தான் முடியும். அதனால் அதை விடவில்லை.

ஒரு மேசையில் நடந்ததை, சொன்னவரின் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன். ஆறே வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய வசதியை நிறுத்த வேண்டும். பராமரிக்க ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும், அதாவது ஒவ்வொரு குறுகிய வேலைச் சுற்றிலும், ஆள் போகிறது. விற்பனைப் பிரிவு விடமாட்டேன் என்கிறது. அதை வைத்து அந்த வாடிக்கையாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று மேசையில் ஒருவர் கேட்டார். எத்தனை முறை திறக்கிறார்கள் என்ற டேட்டா சிக்கலைச் சொன்னவரிடம் இருந்தது. எதற்காகத் திறக்கிறார்கள் என்பது இல்லை. அடுத்த வாரம் ஆறு வாடிக்கையாளர்களிடமும் பேசியிருக்கிறார். எல்லோரும் மாதக் கடைசியில் தணிக்கையாளருக்குக் கொடுக்க ஒரே ஒரு அறிக்கையை எடுக்கத்தான் உள்ளே போகிறார்கள். அந்த அறிக்கை மட்டும் மின்னஞ்சலில் தானாகப் போகும்படி செய்து, வசதியை நிறுத்திவிட்டார். விற்பனைப் பிரிவும் ஒப்புக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது அந்த மேசைக்காரர்கள் அடைந்த மகிழ்ச்சியை, எந்தப் பேச்சாளருக்குக் கிடைத்த கைத்தட்டலிலும் நான் பார்த்ததில்லை.

இப்படி மனம் திறந்து பேச வேண்டுமென்றால் பாதுகாப்பு வேண்டும். இதில் ஒரு வருத்தமான நிகழ்ச்சியை மறைக்கக் கூடாது. ஒரு மேசையில் சொல்லப்பட்ட விஷயம், சொன்னவரின் பெயரோடு வெளியே போய் அவருடைய மேலாளரின் காதுக்கு எட்டிவிட்டது. அலுவலகத்தில் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சங்கத்தின் சார்பில் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். அவர் இன்னும் நம்மோடு இருப்பது அவருடைய பெருந்தன்மை. அதற்குப் பிறகு, லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1927இல் வகுக்கப்பட்ட சாத்தம் ஹவுஸ் விதியை நம் கூட்டங்களுக்கு எடுத்துக்கொண்டோம். கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த நிறுவனம், வேறு யார் இருந்தார் என்பதை வெளியே சொல்லக் கூடாது. ஒவ்வொரு கூட்டமும் இதை வாசித்த பிறகே தொடங்குகிறது.

இதோடு சேர்ந்த எல்லை ஒன்றும் இருக்கிறது. போட்டி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் நம்மிடையே ஒரே மேசையில் உட்காருகிறார்கள். விலை, தள்ளுபடி, எந்த வாடிக்கையாளரை யார் அணுகுவது, வெளிவராத ரிலீஸ் தேதி, இவற்றை எந்த மேசையிலும் பேசக் கூடாது. நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், போட்டியாளர்கள் கூடி விலையைப் பேசுவது போட்டிச் சட்டங்களின் பார்வையில் கடுமையான விஷயம். சங்கத்தால் ஒருவருக்கு வேலையோ நற்பெயரோ போய்விடக் கூடாது.

இந்த ஆண்டு நம் உறுப்பினர்கள் சிலர் வேலை இழந்தார்கள். முன்பெல்லாம் இடைவேளையில் பயோடேட்டாவோடு அலைய வேண்டியிருந்தது. அது அவர்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. இப்போது கூட்டத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் எழுந்து சொல்கிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்க்கும் ஆள் வழியாகப் பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது பார்ப்பவர் வழியாக 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் வழியாக 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும்; தூரத்து ஆளுக்குத்தான் வேறு உலகம் தெரியும். ஒரே அலுவலகத்தார் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று வைத்ததற்கு இதுதான் காரணம். நண்பர்களைப் பிரிக்கிறீர்களே என்று வருத்தப்பட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மற்றவை சுருக்கமாக. வருகைப் பட்டியல் இப்போது யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. ஆதரவாளர் ஒருவர் அதனால் விலகினார். கூட்டங்கள் ஒரு மாதம் மாலையிலும் மறு மாதம் சனிக்கிழமை காலையிலும் நடக்கின்றன. வாசலில் இருவர் நின்று, புதிதாக வருபவரைக் கையோடு அழைத்துப்போய் மேசையில் உட்கார வைக்கிறார்கள். டெவலப்பர்களையும் டிசைனர்களையும் அழைத்து, புராடக்ட் மேனேஜரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்ட கூட்டம் மிக நன்றாக அமைந்தது. முன்னுரிமை மாறினால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். மூத்தவர்–இளையவர் வழிகாட்டித் திட்டம் நிலைக்கவில்லை. இருவரைச் சேர்த்துவிட்டோமே தவிர, எதைப் பற்றிப் பேசுவது என்று சொல்லவில்லை. பெரும்பாலான இணைகள் இரண்டாவது சந்திப்போடு முடிந்துவிட்டன.

ஒரு கவலை மிச்சமிருக்கிறது. மேசைகளை நடத்தத் தெரிந்தவர்கள் நம்மில் சிலர்தான். அவர்களில் இருவர் கடைசி இரு மாதமும் உடல்நலம் குன்றிய நிலையிலும் வந்தார்கள். அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு ஒவ்வொரு மேசைக்கும் நடத்துபவரோடு பழகுநர் ஒருவர் உட்கார வேண்டும். என் பொறுப்பும் இந்த ஆண்டோடு வேறொருவருக்குப் போக வேண்டும். நாங்கள் அழைத்துப் பேசிய பட்டியலையும் குறிப்புகளையும் அவரிடம் ஒப்படைக்கத் தயாராக வைத்திருக்கிறேன்.

முதுகு மட்டும்தான் தெரிந்தது என்று சொன்ன நண்பர் இன்று இரண்டாவது வரிசையில் இருக்கிறார். வாசலில் நிற்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ரகசியம் காக்கும் விதியையும், விலை முதலானவற்றைப் பேசக் கூடாது என்ற எல்லையையும் சங்க விதிகளில் சேர்க்கும் தீர்மானத்தோடு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்