வாசலில் ஒரு வெப்பமானி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். நான் ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. இன்னமும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

கொரோனா காலத்தில் புற்றுநோய் வார்டில் எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டிருந்தாய். சமாளித்தோம் என்று சொல்ல வாய் வரவில்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்றது. படுக்கைகளும் வென்டிலேட்டர்களும் மயக்க மருந்து கொடுப்பவர்களும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததால் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இதெல்லாம் நீயே பத்திரிகையில் படித்திருப்பாய். எனக்கு மறக்காமல் நிற்பது வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய அந்த வெப்பமானிதான்.

கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏற்றி ஒரு வாரம் போனால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அடியோடு இறங்கிவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாக வேண்டும். "காய்ச்சல் என்றால் யோசிக்காதீர்கள், ஓடி வாருங்கள்" என்று இருபது வருடம் ஓதியவள் நான். அந்த வருடம் ஓடி வந்தவர்களை வாசலிலேயே மறித்து, இருமுகிறவர்களின் வரிசையில் நிற்கவைத்தோம். கொரோனா பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் உள்ளே விடுவோம்.

லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கு வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண். வாசலில் 98.2 காட்டியது. ஊசி போட நரம்பு தேடிக் கையைப் பிடித்தேன்; விரல்கள் நடுங்கின. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தவள், ரத்த அழுத்தம் சரிந்திருந்ததைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். பிழைத்துக்கொண்டாள். கீமோ நோயாளிகளுக்குத் தனி வாசல், முடிவுக்குக் காத்திராமல் முதல் டோஸ் என்று பெரிய மருத்துவரோடு அன்றைக்கே சண்டை போட்டேன். இரண்டே நாளில் ஏற்பாடாகிவிட்டது. முன்னாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லையே! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நல்லதும் ஒன்று நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்தில் 15 முறை கொடுத்த கதிர்வீச்சை, பலருக்கு ஒரே வாரத்தில் 5 முறையாகக் கொடுத்தாலே போதும் என்று 2020 ஏப்ரலில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு வெளியானது. வேறு காலமாக இருந்தால் ஆற அமர விவாதித்திருப்பார்கள்; அப்போது உடனே எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவர்களையாவது கண்ணால் பார்த்தோம். வராதவர்களை என்ன செய்வது? பரிசோதனை முகாம்கள் நின்றன. கட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களும் "இதெல்லாம் அடங்கட்டும்" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கடைசியில் அவர்கள் வந்தபோது, முன்பு நெல்லிக்காய் அளவில் பார்த்ததை எலுமிச்சை அளவில் பார்த்தேன். சிகிச்சை நான்கு வாரம் தள்ளினாலே மரண அபாயம் 6 முதல் 13 சதவீதம் கூடும் என்று அந்த நவம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை ஓய்வறைச் சுவரில் யாரோ ஒட்டிவைத்திருந்தார்கள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். கடிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், மார்பக எக்ஸ்ரே பற்றி, "அப்போது தள்ளிவைத்த மாமோகிராம் அப்படியே நின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். பார்க்கமாட்டேன் என்று நினைத்தாயா? அடுத்த கடிதத்தில் தேதி வர வேண்டும். பேரனின் கணக்கு மதிப்பெண்ணை அதற்குக் கீழே எழுது.

அன்புடன்,
சரஸ்வதி